நிலைமொழியும் வருமொழியும்: கணிப்பொறிக்கு மென்பொருள் பொருத்தம் காணும் முறை

முன்னுரை

சொல்லொடு சொல் சேருங்கால் நிகழும் மாற்றங்களை நுணுகி ஆராய்ந்து இலக்கணம் வகுத்த மொழி தமிழ். தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் ஒன்பது இயல்களுள் புணரியல் முதலாகிய ஆறு இயல்களும் இவ்வொரு பொருளையே விரித்துரைக்கின்றன. முன்னே நிற்பது நிலைமொழி. அதனை நோக்கி வருவது வருமொழி. நிலைமொழியின் ஈறு யாது, வருமொழியின் முதல் யாது என்று அறிந்த பின்னரே புணர்ச்சி எவ்வாறு அமையும் என்று கூற இயலும். இதனைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர்.

இன்று தமிழ் மாணவரின் மேசைமீது கணிப்பொறியும் இடம்பெற்றுள்ளது. அகராதி, எழுத்துரு, பிழைதிருத்தி, பக்க வடிவமைப்பு, எழுத்துணரி எனப் பல மென்பொருள் தொகுப்புகளை நாம் அதனுள் நிறுவ விழைகின்றோம். கணிப்பொறி அங்கே நிலைமொழி, மென்பொருள் வருமொழி. இரண்டும் பொருந்துமா என்று முன்கூட்டியே ஆராயாமல் நிறுவினால் பொருளும் காலமும் வீணாவதோடு, எழுதி வைத்த எழுத்தே அழிந்துபோதலும் உண்டு. அத்திப்பட்டு, எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் போன்ற உழைப்பாளர் வாழும் பகுதிகளில் ஒரு கணிப்பொறி என்பது ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு. ஆதலின் இவ்வாராய்ச்சி நம் மாணவர்க்குப் பெரிதும் இன்றியமையாதது. பொருத்தம் காணும் முறையை இலக்கணப் பயிற்சியுடையோர் எளிதில் உணருமாறு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மின்நிலையம் காட்டும் பாடம்

பொன்னேரி வட்டத்தைச் சேர்ந்த அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் அமைந்துள்ளது. அதன் முதல் நிலையில் 210 மெகாவாட் திறனுடைய மூன்று அலகுகளும், இரண்டாம் நிலையில் 600 மெகாவாட் திறனுடைய இரண்டு அலகுகளும் உள்ளன. ஓர் அலகு மின்சாரம் ஆக்கத் தொடங்கியவுடனே அதனை நாட்டின் மின்கட்டமைப்போடு இணைத்துவிடுவதில்லை. நான்கு செய்திகளை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே இணைப்புச் சாவியை மூடுவர். மின்னழுத்தம் ஒத்துள்ளதா? அலைவெண் கட்டமைப்பின் 50 ஹெர்ட்சுடன் ஒத்துள்ளதா? மூன்று கட்டங்களும் ஒரே வரிசையில் வருகின்றனவா? அலைகளின் ஏற்றமும் இறக்கமும் ஒரே நொடிப்பொழுதில் நிகழ்கின்றனவா? இவற்றுள் ஒன்று பிறழ்ந்திருக்கும்போது இணைத்தால் பெருமின்னோட்டம் பாயும். சுழலும் அச்சுத் தண்டே சேதமுறக்கூடும்.

மின்னாக்கி பழுதற்றதாக இருக்கலாம். கட்டமைப்பும் பழுதற்றதாக இருக்கலாம். இருப்பினும் இணையுங்கால் கேடு விளைதல் கூடும். பொருத்தம் என்பது இரண்டற்கும் இடைப்பட்ட உறவு என்பதை இதனால் அறிகின்றோம். “இம்மென்பொருள் சிறந்ததா?” என்று வினவுதல் போதாது; “இம்மென்பொருள் இக்கணிப்பொறிக்குப் பொருந்துமா?” என்று வினவுதலே முறை.

புணர்ச்சியின் நால்வகை

புணர்ச்சி இயல்பு என்றும் விகாரம் என்றும் இருவகைப்படும். விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படும் என்பது நன்னூல் வழி நாம் கற்றது. மென்பொருள் நிறுவும்போதும் இந்நான்கு நிலைகளையும் காணலாம்.

பொன் + மணி = பொன்மணி என்பது இயல்பு. எம்மாற்றமும் வேண்டாது நிறுவியவுடன் இயங்கும் மென்பொருள் இத்தன்மையது.

அத்தி + பட்டு = அத்திப்பட்டு என்பதில் இடையே பகர மெய் தோன்றியது. அவ்வாறே சில மென்பொருள்கள் தாம் இயங்குவதற்குத் துணைத் தொகுப்புகள் சிலவற்றை வேண்டி நிற்கும். அவற்றையும் உடன் நிறுவினாலன்றி அவை இயங்கா.

கடல் + கரை = கடற்கரை என்பதில் லகரம் றகரமாகத் திரிந்தது. பழைய குறியேற்றத்தில் உள்ள கோப்பினைப் புதிய குறியேற்றத்திற்கு மாற்றிய பின்னரே புதிய மென்பொருள் அதனைப் படிக்கும் எனின், அது திரிதலோடு ஒக்கும்.

மரம் + வேர் = மரவேர் என்பதில் மகரம் கெட்டது. முன்னரே உள்ள ஒரு தொகுப்போடு முரண்படும் புதிய தொகுப்பினை நிறுவ வேண்டின், முன்னையதை நீக்குதல் வேண்டும். நீங்கப்போவது யாது என்பதை அறியாமல் இசைவளித்தல் ஆகாது.

இவ்வொப்புமை வெறுங்கற்பனை அன்று. 1993-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற டெபியன் எனும் கட்டற்ற இயங்குதளத்தில் ஒவ்வொரு மென்பொருள் தொகுப்போடும் ஒரு குறிப்பு இணைந்திருக்கும். எவ்வகை நுண்செயலிக்கு உரியது, எத்தொகுப்புகளை எப்பதிப்பில் சார்ந்துள்ளது, எவற்றோடு முரண்படும் என்பன அக்குறிப்பில் எழுதப்பட்டிருக்கும். நிறுவும் கருவி அதனைப் படித்து, எவை புதிதாகத் தோன்றும், எவை நீங்கும் என்று பட்டியலிட்டு, நம் இசைவைக் கேட்ட பின்னரே செயற்படும். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இந்த டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. அப்பட்டியலைப் படியாமல் விசையை அழுத்துவோர் பலர். மாணவர் அதனை ஒருமுறை முழுமையாகப் படித்தல் நலம்.

நிலைமொழியை அறிதல்

பலர் மென்பொருளின் சிறப்பை ஆராய்வர். தம் கணிப்பொறியின் இயல்பை ஆராயார். நிலைமொழி ஈற்றை அறியாது புணர்ச்சி கூற முற்படுதல் போன்றது இது. கணிப்பொறியைப் பற்றி ஐந்து செய்திகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

முதலாவது, நுண்செயலியின் வகை. அது 32 பிட் வகையா, 64 பிட் வகையா என்பதே முதன்மையான வினா. 32 பிட் முகவரியால் சுட்டக்கூடிய நினைவிடங்கள் 4 ஜிகாபைட் அளவினவே. 64 பிட் வகைக்கென ஆக்கிய மென்பொருள் 32 பிட் பொறியில் இயங்காது. 64 பிட் விண்டோசில் 32 பிட் மென்பொருள்கள் பெரும்பாலும் இயங்கும். ஆயினும் பழைய 16 பிட் மென்பொருள்கள் இயங்கா. 1990-களில் வாங்கிய குறுவட்டு ஒன்று இன்றைய பொறியில் வாய்திறவாது இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும். கைப்பேசிகளில் உள்ள நுண்செயலிகளோ பெரும்பாலும் ஆர்ம் என்னும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தவை.

இரண்டாவது, நினைவகத்தின் அளவு. மூன்றாவது, வட்டில் எஞ்சியுள்ள இடம். மொத்த இடத்தைக் குறித்தல் பயனற்றது. எஞ்சிய இடமே கணக்கு. நான்காவது, இயங்குதளத்தின் பெயரும் பதிப்பும். “விண்டோஸ்” என்று மட்டும் கூறுதல் போதாது. எப்பதிப்பு என்பதையும் குறித்தல் வேண்டும். ஐந்தாவது, அப்பதிப்பிற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் வழங்கப்படுகின்றனவா என்பது.

இவ்வைந்தாவது செய்தியின் இன்றியமையாமைக்கு அண்மைச் சான்று ஒன்று உண்டு. விண்டோஸ் 10 பதிப்பிற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. அதற்கு அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, 64 பிட் நுண்செயலி, 4 ஜிகாபைட் நினைவகம், 64 ஜிகாபைட் சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறு ஆகியவற்றைக் குறைந்த அளவுத் தேவைகளாக விதிக்கின்றது. நுண்செயலியும் அந்நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் இடம்பெற்றிருத்தல் வேண்டும். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் மாணவர் பெற்ற பொறிகள் இவ்வெல்லைக்குள் அடங்கா.

அதனால் அப்பொறிகள் பயனற்றன என்று முடிவு செய்தல் பொருந்துமா? பொருந்தாது. அத்திட்டத்தின் தொடக்கக்காலப் பொறிகளில் விண்டோசோடு பாஸ் லினக்சும் சேர்த்தே வழங்கப்பெற்றது. ஒரு வருமொழியோடு இயல்பாகப் புணராத நிலைமொழி வேறொரு வருமொழியோடு இயல்பாகப் புணரலாம். ஆயினும் அங்கும் பதிப்பு நோக்குதல் வேண்டும். 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-ஆம் பதிப்பு, 32 பிட் பொறிகளில் புதிதாக நிறுவும் வசதியைக் கைவிட்டது. 2023-இல் வெளியான 12-ஆம் பதிப்பு அவ்வசதியை உடையது. “லினக்ஸ் எல்லாப் பழைய பொறியிலும் ஓடும்” என்னும் பொதுக்கூற்று இதனால் திருத்தம் பெறுகின்றது.

வருமொழியை அறிதல்

மென்பொருளின் உறையிலோ விளக்கக் குறிப்பிலோ இருவகைத் தேவைகள் தரப்பட்டிருக்கும். ஒன்று குறைந்த அளவுத் தேவை. மற்றொன்று பரிந்துரைக்கப்படும் தேவை. முன்னது, மென்பொருள் திறந்துகொள்ளும் என்பதற்கு உறுதி. பின்னது, அதனைக்கொண்டு தடையின்றி வேலை செய்யலாம் என்பதற்கு உறுதி. நம் பொறி இவ்விரண்டற்கும் இடைப்பட்டதாயின், அதே வேளையில் வேறு எம்மென்பொருள்களைத் திறந்து வைப்போம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மென்பொருள் திறந்துகொண்டது என்பதனாலேயே பொருத்தம் உறுதியாகிவிடுவதில்லை. இதற்கு உலகறிந்த சான்று 1996 சூன் 4 அன்று நிகழ்ந்தது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஏரியன் 5 ஏவூர்தி, தென்னமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து புறப்பட்டுச் சுமார் 40 வினாடிகளில் வழிமாறிச் சிதறியது. முந்தைய ஏரியன் 4 ஏவூர்தியில் செவ்வனே இயங்கிய மென்பொருட் பகுதி ஒன்றை அதில் அவ்வாறே எடுத்தாண்டிருந்தனர். அப்பகுதி, கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய 64 பிட் எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றியது. 16 பிட் முழு எண்ணின் உச்சவரம்பு 32,767. ஏரியன் 4-இன் பாதையில் அவ்வரம்பு மீறப்படவில்லை. அதனினும் விரைவாகச் சென்ற ஏரியன் 5-இன் பாதையில் மீறப்பட்டது. மென்பொருளில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதனைத் தாங்கிய அமைப்பு மாறியது. “அங்கே இயங்கியது, ஆகவே இங்கும் இயங்கும்” என்னும் அனுமானம் ஆராய்ச்சியாகாது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டா. அண்டை வீட்டு மாணவரின் பொறியில் ஓடியது என்பதை மட்டும் நம்பி மென்பொருள் வாங்குவோர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

தமிழுக்குரிய தனித்தேர்வு

மேற்கூறிய தேர்வுகள் எம்மொழியார்க்கும் பொது. தமிழர்க்கு மற்றுமொரு தேர்வு உண்டு. மென்பொருள் பொறியில் இயங்கலாம். ஆயினும் அதில் தமிழ் இயங்குமா?

கணிப்பொறி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணையே சேமிக்கின்றது. எவ்வெண் எவ்வெழுத்தைக் குறிக்கும் என்னும் உடன்பாடே குறியேற்றம் எனப்படும். 1990-களில் வழங்கிய 8 பிட் குறியேற்றங்களில் 256 இடங்களே உண்டு. இருமொழிக் குறியேற்றங்களில் அவற்றின் முற்பாதியை உரோம எழுத்துகளும் எண்களும் குறிகளும் பற்றிக்கொள்ள, பிற்பாதியில் தமிழை அமைத்தனர். எழுத்துரு ஆக்கிய ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றியவாறு எண்களை வகுத்துக்கொண்டது. ஆதலால் ஓர் எழுத்துருவில் தட்டெழுதிய கட்டுரை, அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் பொருளற்ற அயற்குறிகளின் குவியலாகத் தோன்றியது.

இக்குறையை நீக்கும் பொருட்டு 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. தமிழ் 99 விசைப்பலகையும், டாம், டாப் என்னும் குறியேற்றங்களும் அம்மாநாட்டின் பயனாக அரசின் தரநிலைகளாயின. இணையத் தமிழ்க் குழுவினர் வகுத்த திஸ்கி குறியேற்றமும் உலகெங்கும் வழங்கியது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் தொடக்கக்கால மின்னூல்களைத் திஸ்கியில் வெளியிட்டுப் பின்னர் யூனிகோடு வடிவிலும் வழங்கியது. விண்டோஸ் வரிசையில் யூனிகோடு தமிழை ஏற்ற முதற்பதிப்பு விண்டோஸ் 2000. கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்ற 2010 சூன் திங்களில் யூனிகோடும் டேஸ் 16-உம் தமிழக அரசின் தரநிலைகளாக அறிவிக்கப்பெற்றன.

யூனிகோடு வந்தமையால் சிக்கல் முற்றும் தீர்ந்ததா? யூனிகோட்டில் ‘கெ’ என்பதன் ககரம் முன்னும், ஒற்றைக்கொம்பு பின்னுமாகச் சேமிக்கப்படும். திரையில் கொம்பை முன்னே கொணர்வது மென்பொருளின் கடமை. அத்திறன் இல்லாத மென்பொருளில் கொம்பு எழுத்தின் பின்னே சென்று நிற்கும். அச்சகங்களில் நெடுங்காலம் வழங்கிய பேஜ்மேக்கர் யூனிகோட்டை ஏற்பதில்லை. இன்டிசைன் மென்பொருளில் பன்மொழிக்குரிய பத்தி அமைப்பைத் தெரிவு செய்தாலன்றித் தமிழ் சீராக அமைவதில்லை. டேஸ் 16 குறியேற்றமோ யூனிகோட்டின் தனிப்பயன் பகுதியில் அமைந்தது. அதற்கான எழுத்துரு இல்லாத பொறியில் வெறுங்கட்டங்களே தோன்றும்.

நம் துறையின் நோக்கில் இங்கு ஒரு செய்தி கருதத்தக்கது. இசுலாமியத் தமிழிலக்கிய ஆய்வேட்டில் தமிழும் ஆங்கிலமும் அரபும் ஒரே பக்கத்தில் வருதல் இயல்பு. 8 பிட் குறியேற்றத்தில் மூன்றாம் எழுத்திற்கு இடமில்லை. ஆகவே அரபுக்கு வேறோர் எழுத்துருவை அதே எண்களின்மேல் ஏற்றினர். எழுத்துருவின் பெயர் கோப்பிலிருந்து உதிர்ந்தவுடன், எது தமிழ், எது அரபு என்று பிரித்தறியவும் இயலாது போயிற்று. மேலும் அரபு வலமிருந்து இடமாக ஓடுவது. இருதிசை ஓட்டத்தையும் ஒரே வரியில் கையாளும் மென்பொருள்தானா என்று பார்த்தல் வேண்டும். தமிழொலிகளுக்கெனத் தனி எழுத்துகளைச் சேர்த்துக்கொண்ட அரபுத்தமிழுக்கோ, அவ்வெழுத்துகள் அனைத்தும் எழுத்துருவில் உள்ளனவா என்பதையும் தனியே நோக்குதல் வேண்டும். நம் முன்னோர் கையால் எழுதிக் காத்த நூல்களை நாம் தட்டெழுதி இழந்துவிடுதல் தகாது.

செய்முறை

இதுகாறும் கண்டவற்றை நடைமுறைப்படுத்தும் வழிகளைத் தொகுத்துரைப்போம்.

1. கணிப்பொறியின் ஐந்து செய்திகளையும் தாளில் எழுதி, மென்பொருளின் தேவைகளை அதன் எதிரே எழுதுக. ஒவ்வொன்றாக ஒப்பிடுக. ஒன்றேனும் பொருந்தாதாயின் அங்கேயே நிற்க.

2. நிறுவுவதற்கு முன்னர்க் கோப்புகள் அனைத்தையும் வேறொரு வட்டிலோ விரலியிலோ படியெடுத்து வைக்க. அப்படியினைத் திறந்தும் பார்க்க.

3. மாற்று இயங்குதளத்தை ஆராய விழைவோர் உடனே நிறுவ வேண்டா. லினக்ஸ் வகைகள் பலவற்றை விரலியிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். திரை, ஒலி, கம்பியில்லா இணைப்பு, அச்சுப்பொறி ஆகிய நான்கும் இயங்குகின்றனவா என்று அப்போதே அறியலாம்.

4. ஆய்வுக்கூடத்தில் பல பொறிகள் இருப்பின் ஒன்றில் மட்டும் நிறுவிச் சில நாள் பயன்படுத்திப் பார்த்த பின்னரே ஏனையவற்றில் நிறுவுக.

5. தமிழ்த் தேர்வுக்கென ஒரு தாள் வைத்துக்கொள்க. அதில் கெ, கே, கை, கொ, கோ, கௌ ஆகிய எழுத்துகளும், ஆய்தமும், க்ஷ, ஸ்ரீ போன்றவையும், தேவைப்படுவோர்க்கு ஓர் அரபு வரியும் இருத்தல் வேண்டும். அதனைத் தட்டெழுதி, சேமித்து, மூடி, மீண்டும் திறந்து, அச்சிட்டு, மற்றொரு பொறியிலும் திறந்து பார்க்க. பின்னர் அதில் ஒரு சொல்லைத் தேடிப் பார்க்க. ‘கௌ’ என்பதைச் சிலர் ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டு எழுதுவர். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றினும் கணிப்பொறிக்கு அவை வேறு வேறு. தேடல் அங்கே தவறும்.

6. ஆய்வேட்டின் இறுதிப் படியை யூனிகோடு வடிவில் ஒன்றும், எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப் வடிவில் ஒன்றும், தாளில் ஒன்றுமாகக் காக்க.

இவையனைத்தும் ஒரு பிற்பகலுக்குள் முடியும் பணிகள். தக்க கருவி வாங்கித் தர விழையும் பெற்றோரும் கொடையாளரும் கடைக்குச் செல்லுமுன் மாணவரிடம் இம்முதல் தாளைக் கேட்டு வாங்கிச் செல்லுதல் நலம் பயக்கும்.

முடிவுரை

பொருத்தம் என்பது நிலைமொழி, வருமொழி ஆகிய இரண்டையும் நோக்கி அறிய வேண்டுவது என்பதையும், இயங்கிய மென்பொருளும் அமைப்பு மாறியவழிப் பிறழும் என்பதையும், தமிழ் எழுத்துக்கெனத் தனித்தேர்வு வேண்டும் என்பதையும் இக்கட்டுரையில் கண்டோம். பொருந்தாத மென்பொருளால் ஒதுக்கப்படும் பொறிகள் பல, பொருந்துவதைத் தேர்ந்தால் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். படிக்கவியலாமற் போன பழைய கோப்புகளுள்ளும் குறியேற்றம் அறிந்து மாற்றத்தக்கன பல உண்டு. தமிழ்த்துறை மாணவர் தத்தம் வீட்டிலும் துறையிலும் கிடக்கும் பழைய வட்டுகளை எடுத்து, அவற்றில் உள்ள கோப்புகள் எக்குறியேற்றத்தில் உள்ளன என்று ஆராய்ந்து, யூனிகோட்டிற்கு மாற்றும் பணியை இவ்வாண்டே மேற்கொள்ளல் வேண்டும். அவற்றைத் தட்டெழுதியோரும் அவ்வெழுத்துருக்களை அறிந்தோரும் நம்மிடையே உள்ளபோதே அப்பணி எளிதாகும். ஆசிரியர்கள் வழிகாட்டவும் பெரியோர்கள் துணைநிற்கவும் மாணவர்கள் இதனை நிறைவேற்றுவர் என்று நம்புகின்றோம்.